கடல் கடந்து கற்கச் செல்லுமுன்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, இலக்கணப் பொருளொன்றை எடுத்துக்கொள்ளவே யாம் எண்ணியிருந்தோம். தமிழாசிரியன் எழுதும் பக்கங்களைப் பழைய மாணவர் பலர் விரைந்து புரட்டிச் செல்வர் என்பதனை யாம் அறியாதாரல்லேம். ஆயினும் எமது எண்ணத்தை மாற்றியது, விடத்தல்தீவில் எமது வீட்டு விறாந்தையில் ஒருநாள் மாலை நிகழ்ந்த உரையாடலாகும்.

எம்மிடம் ஆறாண்டு தமிழ் பயின்ற மாணவியொருத்தி, இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்றுத் தமிழகத்துப் பல்கலைக்கழகமொன்றிலே விலங்கியல் கற்கச் செல்லவிருக்கின்றாள். தந்தை கடற்றொழிலாளி. அவ்வீட்டிலே கடவுச்சீட்டுப் பெற்ற முதலாவது ஆள் அவளே. அனுமதிக் கடிதத்தைக் காட்டுதற்குத் தாயோடு வந்தவள், கடிதத்தை எம் கையில் தந்துவிட்டு, “சேர், ஒரு கிழமையா இரவிலை நித்திரையில்லை. சந்தோசமோ பயமோ எண்டு எனக்கே விளங்கேல்லை” என்றாள். பின்னர் அவள் எம் பிள்ளைகளோடு கதைக்க உள்ளே சென்ற சமயம் பார்த்து, அதுவரை வாய் திறவாதிருந்த தாய், “மாஸ்ரர், பிள்ளை திரும்பி வருமோ?” என்று தாழ்ந்த குரலிற் கேட்டாள்.

வினா இரண்டு. முன்னையது செல்பவளுடையது, பின்னையது நிற்பவளுடையது. அன்று இரண்டுக்கும் யாம் நேரிய விடை கூறினோமல்லேம். தேநீர் அருந்தச் செய்து அனுப்பிவைத்தோம். அவர்கள் சென்ற பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம்மூரை அறியாத அன்பர்க்கு ஒரு சொல். பெயரிலே தீவு இருப்பினும், விடத்தல்தீவு மன்னார்ப் பெருநிலக் கரையிலே, யாழ்ப்பாணத்துக்குப் பூநகரி வழியாகச் செல்லும் பெருந்தெருவுக்கு அண்மையில், கண்டற் காடு சூழக் கிடக்கும் கடற்கரைச் சிற்றூர். நண்டும் இறாலும் மீனும் அதன் வாழ்வு. விடத்தல் என்பது முள்ளுடைய ஒரு சிறுமரம். அதன் பூங்கதிர் ஒன்றிலேயே ஒரு பாதி இளஞ்சிவப்பாகவும் மறுபாதி மஞ்சளாகவும் இருக்கும். மகிழ்ச்சியோ அச்சமோ என்று அறியாது மயங்கிய அம்மாணவிக்கு அப்பூவை எடுத்துக் காட்டியிருக்கலாமே என்பது பிந்தி வந்த யோசனை. ஆசிரியர்க்கு நல்ல உவமைகள் மணியடித்த பின்னரே தோன்றும்.

கல்விக்காக ஊரை விட்டுச் செல்லுதற்குத் தமிழ் இலக்கணத்திலே பெயருண்டு. அது ஓதற் பிரிவு எனப்படும். தொல்காப்பியர் அகத்திணையியலிலே பிரிவுக்குரிய காரணங்களைக் கூறுமிடத்து ஓதல், பகை, தூது என்னும் மூன்றனைச் சேர்த்துரைத்து, போருக்கும் தூதுக்கும் முன்னே கல்வியை நிறுத்தினார். கற்பியலிலே அதற்கு எல்லையும் வகுத்தார்: கல்வியின் பொருட்டுப் பிரிந்த காலம் மூன்றாண்டைக் கடத்தலாகாது. எம் மாணவி கற்கவிருக்கும் படிப்பும் மூன்றாண்டுக்கு உரியதே. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் முதற் பட்டத்துக்குப் பெரும்பாலும் வேண்டப்படுவதும் மூன்றாண்டே. இவ்வொற்றுமையை வைத்துத் தொல்காப்பியர் பல்கலைக்கழகம் கண்டார் என வாதிக்க யாம் முற்படவில்லை. எல்லை வகுத்தல் என்பது மீட்சியை உட்கொண்டது என்பதொன்றே எமது கருத்து. இத்துணைக் காலம் என்று வரையறுக்கப்பட்ட செலவு, திரும்பி வரும் வழியையும் சேர்த்தே எண்ணப்பட்ட செலவாகும்.

ஆனால் அதே ஆசிரியர், ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கே உரியன என்றார். கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்றும் விதித்தார். எம் மாணவி இவ்விரண்டு விதியையும் ஒருங்கே கடந்து செல்கின்றாள். வகுப்பிலே இந்நூற்பாக்களை யாம் கற்பித்த நாளிலே, பின்வரிசையிலிருந்து “அப்ப நாங்கள், சேர்?” என்று வினவியவளும் அவளே. அன்று உரையாசிரியர்களின் பெயரைச் சொல்லி ஒருவாறு தப்பினோம். இன்று அவளே விடை கூறிவிட்டாள்.

இனி, எம் கரைக்கும் கடல் கடந்த கல்விக்கும் உள்ள பழைய தொடர்பைச் சிறிது நோக்குவோம். இலங்கைத் தமிழ் மாணாக்கர்க்கு நெடுங்காலமாக அயல்நாட்டுக் கல்வி என்றாற் சென்னையே முதலில் நினைவுக்கு வந்தது. 1857ஆம் ஆண்டிலே தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற யாழ்ப்பாணத்தவர்: ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இந்நாட்டிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது 1921இல். இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1942இல். அதற்கு முன்னர் உயர்கல்வி வேண்டினோர் ஒன்று கடல் கடத்தல் வேண்டும், அன்றி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளை இங்கிருந்தே எழுதுதல் வேண்டும்.

அக்கடலைக் கடக்கும் வாயில் எம் மன்னாரிலேயே அமைந்தது. 1914ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த திங்கள் முதலாம் நாள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் எனத் தேசாதிபதிகளின் பெயர் தாங்கிய மூன்று கப்பல்கள் அதற்கென வந்தன. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதப் பாதை இடப்பட்டது. சென்னையிற் பயணச்சீட்டு வாங்கியவன் கொழும்பு வரை அதனைக் கொண்டே வந்து சேரலாம். கடல் வழி இருபது மைலுக்குச் சற்றே மிகும். கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அக்காலத்து மாணாக்கன் றங்குப் பெட்டியும் பாய்ச்சுருளும் நல்லெண்ணெய்ப் போத்தலுமாக இவ்வழியே சென்று தாம்பரத்திலோ, திருச்சியிலோ, 1929இன் பின்னர் அண்ணாமலை நகரிலோ இறங்கினான். கற்கச் சென்றோர் மட்டுமல்லர், கற்பிக்கச் சென்றோரும் உளர்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே 1931இல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவிற் பிறந்தவர்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமாகக் கப்பல் ஓடியது. 1980களின் நடுப்பகுதியிலே போர் அதனையும் நிறுத்திற்று. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 1990இல் மூடப்பட்டு, 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே மீண்டும் இறங்குதுறை வரை திறக்கப்பட்டது. புகையிரதம் வந்துவிட்டது; அதனை எதிர்கொள்ளக் கப்பல் இல்லை.

கப்பல் நின்ற ஆண்டுகளிலே அக்கடலை எவரும் கடக்கவில்லை என்று எண்ணற்க. முன்னையிலும் பன்மடங்கினர் கடந்தனர். 1990ஆம் ஆண்டிலே, பத்து வயதுச் சிறுவராய் யாமும் கடந்தோம், கற்றற்காக அன்று. இரவிலே, விளக்கில்லாத வள்ளத்திலே, அழுதாற் கடலில் எறிந்துவிடுவேன் என்று ஓட்டி வெருட்ட, அன்னையின் சேலைத் தலைப்பை வாயிலே திணித்துக்கொண்டு கடந்தோம். அவ்வாண்டு ஒக்டோபரிலே எம்மூர் முஸ்லிம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் நோக்கிச் சென்றனர். எம்மோடு விளையாடியோரில் மீண்டு வந்தோர் சிலரே. முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய் சோதிப்பதற்கென அமைந்த மண்டபம் முகாமே எம்மனோர்க்கு முதற் தங்குமிடமாயிற்று. ஆதலின் எம் கரையிலே ‘வெளிநாடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் வேறு. பிறவூர்களில் அது நம்பிக்கையைக் குறிக்கலாம். எம்மூர்த் தாய்மார்க்கு அது மீளாமையைக் குறிக்கும். அத்தாய் கேட்ட வினா கல்வியைப் பற்றியதன்று. அவள் கண்ட முப்பதாண்டுகளைப் பற்றியது.

ஈண்டு மகளின் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். முதன்முறையாக அயல்நாடு செல்லவிருக்கும் மாணாக்கர் உள்ளத்தில் நிகழ்வது யாது? எதிர்நோக்கு என்பது அறிவன்று. ஆயினும் அறிவின் தொழிலைச் செய்ய முற்படுவது. காணாத ஊரை, கண்ட பொருள்களைக் கொண்டே மனம் கட்டுகின்றது. விடத்தல்தீவுப் பிள்ளை கட்டும் சென்னையிலே எம்மூர்த் தெருவும், மன்னார்ப் பேருந்து நிலையமும், திரைப்படத்திற் கண்ட சில மாடிகளும் இருக்கும். மகிழ்ச்சியும் அச்சமும் வெவ்வேறிடத்திலிருந்து வருவனவல்ல. கட்டிய அதே ஊரின் முன்வாயிலாலே ஒன்றும் பின்வாயிலாலே மற்றொன்றும் நுழைகின்றன. இவ்வாறு கட்டுமிடத்துப் பெரியவற்றை மனம் தவறாமல் வைத்துக்கொள்ளும். சிறியவை விடுபட்டுப் போகும். போன பின்னர் இடர் தருவன அச்சிறியனவே.

இதற்குத் தக்க சான்று கணிதமேதை சீனிவாச இராமானுஜன் அவர்கள் வரலாறு. (இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே பிற்காலத்தில் ஓடிய கப்பலின் பெயர் ‘இராமானுஜம்’, அதனாற்போலும் இக்கரையார்க்கு அவர் நினைவு எளிதில் வருகின்றது.) சென்னைத் துறைமுகக் காரியாலயத்திலே எழுத்தராயிருந்த அவர், 1913ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணிதத் தேற்றங்களை எழுதியனுப்பினார். வருக என்று ஹார்டி அழைத்தபொழுது முதலில் மறுத்தார்; கடல் கடத்தல் அவர் குலத்தாரிடையே விலக்கப்பட்டிருந்தது. 1914இன் தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் கணித ஆசிரியர் சென்னைக்கு வந்து நேரிற் பேசியபொழுது இசைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் புலமைப்பரிசில் வழங்கிற்று. அதிலே ஒரு பங்கு திங்கள்தோறும் கும்பகோணத்திலிருக்கும் தம் பெற்றோர்க்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்தார்.

புறப்படுமுன் அவர் எவற்றுக்கெல்லாம் ஆயத்தமானார் எனக் காண்மின். உணவு பற்றிப் பெரிதும் கவலையுற்றார். மரக்கறி உணவு கிடைக்கும் என்று நண்பர் உறுதி கூறினர். மேல்நாட்டு உடை தைக்கப்பட்டது. குடுமி களையப்பட்டது. அக்கோலத்தைக் காணலாகாது என்று அன்னையையும் மனைவியையும் முன்னரே ஊருக்கு அனுப்பிவிட்டார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலிற் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்டார். தலைமன்னாருக்கு முதற் கப்பல் வந்து பதினாறு நாளே ஆகியிருந்தன.

குலம், உணவு, உடை, பணம், அன்னையின் மனம் ஆகிய யாவும் எண்ணப்பட்டன. எண்ணப்படாதது ஒன்றிருந்தது. கேம்பிரிட்ஜிலே குளிர்காலத்தில் அவர் இரவெல்லாம் நடுங்கினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்கினார். அங்கே கற்றுக்கொண்டிருந்த மகலனோபிசு, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியற் கழகத்தை நிறுவிய அறிஞர், அறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் கட்டிலிலே ஒழுங்காக விரித்து மெத்தையின் அடியிற் செருகப்பட்டிருந்தன. அவற்றை நீக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பதனை இராமானுஜனுக்கு எவரும் சொல்லவில்லை. அவர் மேலேயே படுத்திருந்தார். கணித உலகே வியந்த மூளைக்குக் கம்பளியின் வழி தெரியாமற் போனது நகைப்புக்குரியதன்று. கும்பகோணத்தில் எவரும் அவ்வாறு படுப்பதில்லை. ஆகவே அவர் உள்ளம் கட்டிய இங்கிலாந்தில் அக்கட்டில் இடம்பெறவில்லை. கேட்பதற்கு நாணம் வேறு. சென்ற ஆண்டிலேயே மகாயுத்தம் தொடங்கி உணவு அரிதாகும் என்பதும், இரண்டாண்டுக்கென வழங்கிய புலமைப்பரிசில் ஐந்தாண்டு வரை நீளும் என்பதும், நோயோடு 1919இல் மீண்டு அடுத்த ஆண்டு ஏப்பிரலில் முப்பத்திரண்டாம் வயதில் மறைவார் என்பதும் எவராலும் முன்னறியக் கூடாதவை. அவற்றுக்கு ஆயத்தமாதல் எவர்க்கும் இயலாது. கம்பளிக்கு ஆயத்தமாதல் இயலும். எவரேனும் ஒருவர் சொல்லியிருத்தல் வேண்டும். அல்லது அவரேனும் கேட்டிருத்தல் வேண்டும்.

நம் நாட்டவருள் 1870இலே பதினேழு வயதிற் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர்க்கு இவ்விடர் குறைவு. கொழும்பு அக்கடமியில் ஆங்கில முறையிற் கற்று, ஆங்கிலேயரோடு பழகிய குடும்பத்திலிருந்து சென்றவர் அவர். 1875இலே திறந்த போட்டித் தேர்வு மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையோடு மீண்டார். அவரைப் பின்பற்றுக என்று கடற்றொழிலாளி மகளுக்குச் சொல்லுதல் எளிது. அவருக்கு வீட்டிலேயே கிடைத்தவற்றை அவளுக்கு யார் கொடுப்பார்?

ஆகவே எம் மாணவிக்கு அருகிலுள்ள சான்றாக யாம் கருதுவது தனிநாயகம் அடிகளாரையே. 1913இலே ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனிற் பிறந்த அடிகளார், 1934இலே உரோமாபுரிக்குச் சென்று, பல நாட்டு மாணாக்கர் ஒருங்கு பயிலும் உர்பன் பல்கலைக்கழகத்திலே சமயக் கல்வி கற்றார். பழைய கார்த்தேசு நகரத்துக் குருமார் பற்றி ஆராய்ந்து 1939இலே கலாநிதிப் பட்டம் பெற்றார். பல ஐரோப்பிய மொழிகளிலே தேர்ந்தார். ஆயினும் அவர் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியது உரோமாபுரியிலிருந்து மீண்ட பின்னரே. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே பள்ளிப் பணியிலிருந்தபொழுது பண்டிதரொருவரிடம் பாடங் கேட்டார். பின்னர் 1945இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தமிழில் எம்.ஏ. பட்டமும் எம்.லிற். பட்டமும் பெற்றார். முதல் அயல்நாட்டுக் கல்வி உரோமாபுரியில். அடுத்த அயல்நாட்டுக் கல்வி தம் தாய்மொழிக்காகச் சிதம்பரத்தில்.

இவ்வரிசை எமக்கு வியப்பைத் தருவது. 1679இலே அம்பலக்காட்டில் அச்சாகிய அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதி, அவர் மாணாக்கராய் ஐந்தாண்டு உலாவிய அந்நகரின் வத்திக்கான் நூலகத்திலேயே இருந்தது. தமிழ் கற்ற கண்ணோடு மீண்டும் சென்றபொழுதே அதன் அருமை அவருக்குப் புலப்பட்டது. 1966இலே கோலாலம்பூரில் அதனைப் படியெடுத்து வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அங்கு முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் நடைபெற்றது. கொண்டு செல்வது எவ்வளவோ அவ்வளவே காணக் கிடைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை யாம் அறியோம்.

இவற்றை மனத்திற் கொண்டு அம்மாணவியை மறுமுறை கண்டபொழுது, அவளுடைய கைத்தொலைபேசியிலே தான் தங்கவிருக்கும் விடுதியின் அறை, உணவுக்கூடம், நூலகம் யாவற்றையும் எமக்குக் காட்டினாள். இக்காலத்தில் காணாத ஊர் என்பதில்லை. ஆனால் படம் கட்டிலைக் காட்டும். கம்பளியின் வழியைக் காட்டாது. “அங்கே படிக்கும் எம் நாட்டுப் பிள்ளை எவரிடமாவது பேசினாயா?” என்றோம். இல்லை என்றாள். ஏன் என்றோம். “என்னத்தைக் கேக்கிறது, சேர்? சிரிப்பினம்” என்றாள். நாணம் அன்றுபோல் இன்றும் உண்டு. சிரிக்கக்கூடிய வினாக்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வா என்று பணித்தோம். இரண்டு நாளில் முப்பத்தொரு வினாக்கள் வந்தன. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதும், கருவாடு கொண்டு போகலாமா என்பதும், மாதவிலக்கு நாளில் விடுதியில் எவரிடம் சொல்வது என்பதும் அவற்றுள் அடங்கும். கடைசியிற் கூறியதனை எம் மனையாளிடம் ஒப்படைத்தோம். ஏனையவற்றை, அங்கே முன்னர்ச் சென்று கற்கும் மாணவியொருத்திக்கு அனுப்பச் செய்தோம். அவள் சிரிக்கவில்லை. நான்கு பக்கத்தில் விடை எழுதியிருந்தாள்.

கடிதப் போக்குவரத்துக் காரியங்களை விரித்தல் வேண்டா, காரியாலயங்களிலே கேட்டறியலாம். ஒன்றை மட்டும் கூறுவோம். நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் இந்தியா செல்வோர், சென்ற 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திற் பதிதல் வேண்டும். “தமிழ்நாட்டிலையும் நான் வெளிநாட்டாளோ?” என்று கேட்டாள். சட்டத்தின்படி ஆம் என்றோம். அவள் முகம் சற்று வாடிற்று.

சட்டம் மட்டுமன்று, நாவும் அவ்வாறே சொல்லும் என்பதனை எம் அனுபவத்திலிருந்து எடுத்துரைத்தோம். ஏதிலிச் சிறுவராய் யாம் அங்கிருந்த காலத்தில், சவர்க்காரம் வாங்கிவர அன்னை கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் சர்க்கரையைப் பொதி செய்து தந்தார். யாம் மறுக்க, அவர் எம்மைச் செவிப்புலன் குன்றியவர் என நினைத்து உரக்கப் பேசினார். பள்ளியிலே ‘விளங்கேல்லை’ என்று எழுந்து சொன்னபொழுது வகுப்பு முழுதும் நகைத்தது. அங்கே ‘புரியவில்லை’ என்றாலே புரியும். நமக்குத் திறப்பு, அவர்க்குச் சாவி. நமக்கு வடிவு, அவர்க்கு அழகு. நாம் கதைப்போம், அவர் பேசுவர்; ‘கதைக்காதே’ என்றால் பொய் புனையாதே என்று பொருள்கொள்வோரும் உளர். வேற்று மொழி நாட்டுக்குச் செல்பவர் மொழி வேறாயிருக்கும் என்று அறிந்தே செல்கின்றனர். ஒரே மொழி என எண்ணிச் செல்பவர்க்குத்தான் இவ்விடர் முன்னறிவிப்பின்றி வரும். அதற்காக நம் சொல்லைக் கைவிடுதல் வேண்டா. இரண்டையும் அறிந்தவர் இருவரினும் பெரியவர். எமக்குத் தமிழாசிரியத் தொழிலில் ஆசை பிறந்தது அந்தச் சர்க்கரைப் பொதியிலிருந்தே எனில் மிகையன்று.

இதனைக் கேட்டபொழுதுதான் அவள் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். பின்னர் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, கண்டற் கரையிலே தந்தை பிடிக்கும் நண்டு, இறால், மீன் வகைகளின் எம்மூர்ப் பெயர்களை எழுதத் தொடங்கினாள். விலங்கியலில் அவற்றுக்கு இலத்தீன் பெயர் கற்பிப்பார்கள். தமிழகக் கரையிலே வேறு பெயர் வழங்கலாம். எம்மூர்ப் பெயர் அங்கே எவர்க்கும் தெரியாது. தந்தை நாள்தோறும் மாலையில் வலை பொத்திக்கொண்டே பெயர் சொல்ல இவள் எழுதினாள். யாம் பார்த்த அன்று அறுபதுக்கு மேற்பட்டிருந்தன. ஒரு மீனுக்குத் தந்தை சொன்ன பெயரும் தாய் சொன்ன பெயரும் வேறுபட, இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நித்திரை வருகிறதா என்று யாம் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

தாயின் வினா எஞ்சி நின்றது. மூன்றாண்டில் மீள்வாள் என்று தொல்காப்பியரைச் சான்று காட்டி உறுதி கூற எமக்கு வாய் வரவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர்க் கடவுச்சீட்டுக் காரியாலய வாயில்களில் விடியுமுன் நின்ற வரிசைகளை யாமும் கண்டோம்; அவ்வரிசையில் எம் பழைய மாணாக்கரும் நின்றனர். அவர்களுட் பலர் கற்கவே சென்றனர். சிலர் கல்வியை வாயிலாக மட்டும் கொண்டனர். அவர்களைப் பழித்தல் எமது நோக்கமன்று. அரைக் கம்பள வரிசையும் அகதிமுகாமும் கண்ட ஊரிலே, செல்க என்பதும் நிற்க என்பதும் ஆசிரியன் வாயிலிருந்து எளிதில் வரத்தக்க சொற்களல்ல.

ஆகவே யாம் செய்தது சிறியதொரு செயல். பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டு அட்டவணையை அத்தொலைபேசியிலேயே எடுத்து, விடுமுறைத் திங்களைத் தாயின் முன்னே வாசித்தோம். பலாலியிலிருந்து சென்னைக்கு 2022ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கம் மீண்டும் வானூர்தி பறக்கின்றது என்பதனையும், பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் என்பதனையும், அது பழைய கப்பலிலும் குறைந்த நேரம் என்பதனையும் கூறினோம். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. விரல்களை மடக்கித் திங்களை எண்ணினாள்.

“மே மாசமோ, மாஸ்ரர்?” என்றாள். “அப்ப சோளகம் பிடிச்சிடும். காத்துக்கு இவர் கடலுக்குப் போறது குறைவு. பலாலிக்குக் கூட்டிவர இவரே போகலாம்.”